பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரை: சிமென்ட் போட்டுவிடலாமா?

கேள்வி: ஐயா, மடிப்பாக்கத்தில் சொந்த வீடு. முன்பக்கம் சுமார் 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. முதல் மழைக்காலத்திலேயே கோரை எட்டிப் பார்த்தது. வாரம் ஒரு முறை ஆள் வைத்துப் பிடுங்குகிறோம்; நான்காம் நாள் புல்லுக்கு மேல் வந்து நிற்கிறது. கேட் ஓரத்தில் அருகம்புல்லும் உள்ளே ஓடுகிறது. உப்பும் வினிகரும் ஊற்றச் சொல்கிறார் ஒருவர், கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். வீட்டில் ஐந்து வயதுப் பேத்தியும் ஒரு நாயும் உண்டு. தோண்டிப் போட்டுவிட்டு சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். உங்கள் யோசனை என்ன? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: அம்மா, சிமென்ட் மூட்டைக்குச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கோரை அடர்ந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து, ஒரு கோரைக்குப் பக்கத்தில் நீளமான கொத்துக்கரண்டியை ஆழமாக இறக்கி மண்ணோடு நெம்பி எடுங்கள். மண்ணை உதிர்த்தால் கம்பி மாதிரி ஒரு மெல்லிய இழையும், அதில் மணி கோத்தாற்போல் கறுப்பாகக் கிழங்குகளும் தெரியும். அதுதான் கோரை. மேலே பச்சையாகத் தெரிவது வெறும் இலை. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு என்று எடை போட்டுத் தரும் கோரைக்கிழங்கும் இதேதான். அங்கே காசு கொடுத்து வாங்குகிறோம், இங்கே காசு கொடுத்துப் பிடுங்குகிறோம்!

தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும். கோரை புல் இனமே இல்லை. புல் உருண்டை, கோரை மூன்று பட்டை. அதனால்தான் புல்லுக்குச் சொல்லும் வைத்தியம் இதற்குப் பலிப்பதில்லை.

உங்கள் ஆள் வாராவாரம் பிடுங்கியும் ஏன் குறையவில்லை என்று பார்ப்போம். இலையைப் பிடித்து இழுத்தால் இழை அறுந்து இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அதோடு ஒரு சரத்தில் நுனிக் கிழங்கு முளைத்துக்கொண்டிருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். சரத்தை அரைகுறையாக அறுத்தால் உறங்கியதெல்லாம் விழித்துக்கொள்ளும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் என் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையை, கோரை தொலையட்டும் என்று, ஐப்பசி மழைக்கு முதல் வாரம் மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். மழை விட்டுப் பார்த்தால் ஒரு மூலை நான்கு மூலையாகியிருந்தது. ஈர மண்ணில் கோரையைக் கொத்துவது நாற்று நடுவதற்குச் சமம்.

அதற்காகப் பிடுங்குவது வீண் என்று நினைக்க வேண்டாம். முளை வெளியே வந்த முதல் இரண்டு மூன்று வாரம் அது தாய்க் கிழங்கின் இருப்பைத் தின்றுதான் வளர்கிறது. அப்புறம்தான் இலை சம்பாதித்துக் கீழே அனுப்பும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். விட்டுவிட்டால் ஒரு கிழங்கு மூன்று மாதத்தில் நூறு அளவுக்குக்கூடப் போகும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் எந்தக் கோரையும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிழங்குக்குச் செலவு மட்டும், வரவு இல்லை என்று ஆக்க வேண்டும். ஆள் நான்கு வாரம் வந்து ஐந்தாவது, ஆறாவது வாரம் வராமல் போனால் அந்த இரண்டு வாரத்தில் பழைய கணக்கெல்லாம் நேராகிவிடும். நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். வாராவாரம் ஆள் தேவையில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை போதும். ஆனால் தவறக் கூடாது, முந்தின நாள் மாலை நனைத்துவிட்டுக் கொத்துக்கரண்டியால் கிழங்கோடு நெம்ப வேண்டும். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள்; வெயிலில் சிமென்ட் தரையில் பரப்பிக் காயவிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். ஒரு வருடம் இப்படி விடாமல் செய்தால் நன்றாகக் குறையும். முழுதாக ஓய இரண்டு வருடம் ஆகலாம், உறங்கும் கிழங்குகள் அவ்வளவு பொறுமைசாலிகள்.

தண்ணீர் விஷயத்தில்தான் உங்கள் வீட்டில் எங்கோ தவறு இருக்கும் என்று நினைக்கிறேன். சென்னையில் லான் வைத்தவர்கள் பெரும்பாலும் காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துவிடுகிறார்கள். கொரியன் புல்லுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண் கோரைக்குத்தான் கொண்டாட்டம். வாரம் இரண்டு முறை, வேர்வரை இறங்கும்படி ஊற்றுங்கள், கோடையில் மூன்று. மடிப்பாக்கம் தாழ்வான பகுதி, மழைத்தண்ணீர் நிற்கும். லானில் எங்கே பள்ளம் விழுந்து நீர் தேங்குகிறதோ அங்கேதான் கோரை அடர்த்தியாக இருக்கும், போய்ப் பாருங்கள். அந்தப் பள்ளத்தை நிரவாமல் வேறு எது செய்தாலும் பாதிப் பலன்தான். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். கோரைக்கு நிழல் ஆகாது. புல் நெருக்கமாக இருந்தாலே முளை திணறும்.

உப்பும் வினிகரும் வேண்டவே வேண்டாம். வினிகர் இலையைக் கருக்கும், கிழங்குக்கு அது தெரியக்கூடத் தெரியாது. உப்பு மண்ணிலேயே தங்கிப் புல்லைக் கொல்லும். உங்கள் போர் தண்ணீரே கொஞ்சம் உப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும், உண்மைதான். ஆனால் புல்லையும் சேர்த்துக் கொல்லும். தவிர, 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணைப்படி பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. கடைக்காரர் பாட்டிலை நீட்டினாலும் வாங்காதீர்கள். 2,4-டி என்று இன்னொன்று தருவார்கள். அது அகன்ற இலைக் களைக்கானது. கோரையின் தலையைக் கருக்குவதோடு சரி. காற்றில் நகர்ந்தால் பக்கத்து வீட்டுத் தக்காளி, கத்தரிச் செடி சுருண்டுவிடும்.

கோரைக்கென்றே உள்ள மருந்து ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75 சதவீதம். நம் ஊரில் கரும்பு விவசாயிகள் கோரைக்கு அடிக்கிறார்கள், ஏக்கருக்கு 36 கிராம். வெளிநாடுகளில் இதைப் புல்தரையிலும் அடிக்கிறார்கள். கொரியன் புல் இனத்துக்குப் பெரிய பாதிப்பு வராது. ஆனால் இங்கே விற்கும் பொட்டலத்தில் வீட்டு லானுக்கு என்று எழுதியிருக்காது. ஆகவே என் முதல் சிபாரிசு இது அல்ல, வேளாண் அலுவலரிடம் கேட்காமல் இறங்கவும் வேண்டாம். உங்கள் 600 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் வருவது அரை கிராம். ஆம், அரை கிராம்தான்! ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடும் நம் பழக்கம் இங்கே ஆபத்து. பேத்தியும் நாயும் ஓடியாடும் இடம் வேறு. அடித்தாலும் மறுநாளே கோரை சாகாது, மஞ்சளாகிக் கருக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பலன் இல்லை என்று நினைத்து மறுபடி அடிப்பவர்கள் உண்டு.

அருகம்புல் வேறு கதை. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்ற வேண்டும் என்று நாம் வாழ்த்துகிற செடி அது, சும்மா போகுமா! கொரியன் புல்லும் அருகும் இரண்டுமே புல் என்பதால் ஒன்றைக் கொன்று மற்றதை விடும் மருந்து எதையும் வீட்டுக்காரர் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை. கேட் ஓரத்தில்தான் நுழைகிறது என்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. அந்த ஓரத்தில் அரை அடி ஆழத்துக்கு ஒரு கல் வரிசையைப் புதைத்துத் தடுத்துவிடுங்கள். உள்ளே ஓடிய தண்டுகளைக் கணுக் கணுவாகத் தொடர்ந்துபோய் எடுங்கள். ஒரு கணு தங்கினாலும் முளைக்கும். சின்ன அகன்ற இலைக் களைகள் இருந்தால் கவலைப்படாதீர்கள், பெரும்பாலும் மழைக்குப் பின் கையோடு வந்துவிடும்.

லானில் பாதிக்கு மேல் கோரையாகிவிட்டது என்றால் பிடுங்குவதில் அர்த்தமில்லை. அப்போது அக்னி நட்சத்திரத்தைக் கூலி இல்லாத ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைக் கடைசியில் தண்ணீரை நிறுத்தி, புல்லைப் பெயர்த்து, ஓர் அடி ஆழத்துக்குக் காய்ந்த மண்ணைக் கொத்திச் சல்லடையில் சலித்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். மிச்சத்தை மூன்று வாரம் வெயிலில் புரட்டிப் புரட்டிப் போடுங்கள். காய்ந்த கிழங்கு முளைக்காது. அதன்பின் ஒருமுறை தண்ணீர் விட்டுத் தப்பியதை முளைக்க வைத்து, அதையும் எடுத்துவிட்டு, ஆனியில் புதுப் புல் போட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். பாலித்தீன் மூடுவதென்றால் கறுப்பு வேண்டாம். கோரை முளை ஊசி மாதிரி அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தெளிவான ஷீட்டின் அடியில் வெளிச்சம் பட்டதும் இலை விரிந்து, அங்கேயே வெந்துபோகும். சிமென்ட் என்றீர்களே, பேவர் கல் இடுக்கிலும் தார் ரோட்டு ஓரத்திலும் இதே கோரை தலை நீட்டுவதை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

புதுப் புல் போடும்போது செம்மண் லோடை அப்படியே கொட்டிவிடாதீர்கள். உங்கள் கோரை வந்ததே அநேகமாக அப்படித்தான். லோடு கொடுப்பவரிடம் முன்கூட்டியே ஒரு பக்கெட் மண் வாங்கி, அகலத் தட்டில் பரப்பி, ஈரம் காயாமல் மூன்று வாரம் வையுங்கள். கோரை எட்டிப் பார்த்தால் அந்த லோடு வேண்டாம்.

இந்த வாரமே லானில் மூன்று இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி கயிறு கட்டி, உள்ளே எத்தனை கோரை என்று எண்ணி காலண்டரில் எழுதுங்கள். மாதாமாதம் எண்ணுங்கள். மாசி வாக்கில் பாதியாகக் குறைந்திருந்தால் கொத்துக்கரண்டியே போதும். குறையவில்லை என்றால் சித்திரைக்கு ஆள் சொல்லி வையுங்கள்.