வரவேற்பு மேசையில் தொடங்குங்கள்: கிளினிக் முன்பதிவு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நாங்கள் இருவர் சேர்ந்து ஒரு சிறிய கிளினிக் நடத்துகிறோம். நான் பொது மருத்துவர். உடன் இருப்பவர் தோல் மருத்துவர். எங்கள் இணையதளத்தில் இதுவரை தொலைபேசி எண் மட்டுமே இருக்கிறது. நோயாளிகள் தாங்களே நேரம் குறித்துக்கொள்ளும் வசதியைச் சேர்க்க எண்ணி ஐந்தாறு நிறுவனங்களின் செயல்விளக்கங்களைப் பார்த்தோம். எல்லாமே ஒன்றுபோல் தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: செயல்விளக்கங்கள் ஒன்றுபோல் தெரிவதற்குக் காரணம், அவை எல்லாமே சிக்கல் எதுவும் இல்லாத ஒரு நாளைக் காட்டுவதுதான். நோயாளி மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிறார், காலியாக உள்ள நேரத்தைத் தொடுகிறார், உறுதிச் செய்தி வந்து சேர்கிறது. இந்த அளவுக்கு எந்த மென்பொருளும் செய்யும். மருத்துவர் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் நாளில், நேரம் வாங்காத ஒருவர் கடும் காய்ச்சலோடு வந்து நிற்கும்போது, தொலைபேசியில் ஒருவரும் இணையத்தில் ஒருவரும் ஒரே நேரத்தைக் கேட்கும்போது அது என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு வெளிப்படும். அந்த நாள்களைச் சமாளிப்பவர் உங்கள் வரவேற்பாளர். ஆகவே தேர்வில் முதல் கருத்து அவருடையதாக இருக்கட்டும்.

மென்பொருள் தேடுவதை இரண்டு வாரம் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நோயாளியும் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார், எதற்காக வந்தார், முன்கூட்டியே நேரம் வாங்கியிருந்தாரா என்பதைக் குறித்து வாருங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குத் தாம் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் அனுபவம். உண்மையில் சராசரியாக 12 நிமிடம் ஆகும் இடத்தில் 10 நிமிட இடைவெளி வைத்துவிட்டால், மூன்று மணி நேரத்தில் 18 பேருக்கு முன்பதிவு கிடைக்கும். அந்தப் பதினெட்டாவது நோயாளி தமக்குக் குறித்த நேரத்தைவிட 34 நிமிடம் பிந்தித்தான் உள்ளே போவார். இதற்கு யாரும் தாமதமாக வந்திருக்க வேண்டியதில்லை. அவசர நோயாளி யாரும் குறுக்கிட்டிருக்க வேண்டியதில்லை. டோக்கன் முறையில் காத்திருப்பவர் தம் முறை வரும்வரை பொறுத்திருப்பார். இணையத்தில் பதிந்தவர் கையிலோ ‘10.40’ என்று எழுத்தில் ஒரு செய்தி இருக்கும்; அதைக் காட்டித்தான் அவர் கேள்வி கேட்பார்.

இந்தக் கணக்கு புதியதன்று. வெல்ச், நார்மன் பெய்லி ஆகிய இருவரும் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளின் முன்பதிவு முறையை ஆராய்ந்து 1952இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். நோயாளிகளுக்கு இடையிலான இடைவெளி சராசரி பரிசோதனை நேரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், தொடக்கத்தில் மட்டும் இருவருக்கு ஒரே நேரம் கொடுக்கலாம் என்பது அவர்களுடைய வழி. முதலாமவர் வராவிட்டாலும் மருத்துவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். அதே சமயம் பின்னால் வருபவர்களின் காத்திருப்பும் அளவுமீறிப் போகாது. இவ்வளவு எளிய விதியைக்கூட அமைக்க இடம் தராத முன்பதிவு மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். அழகு நிலையத்துக்கும் கார் பழுதுபார்க்கும் இடத்துக்கும் எழுதியதையே மருத்துவருக்கும் விற்பதால் வரும் குறை அது.

உங்கள் கிளினிக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பொது மருத்துவத்தில் வருகைகள் பெரும்பாலும் ஒரே அளவிலானவை. தோல் மருத்துவரிடமோ புதிய நோயாளிக்கு 20 நிமிடம், மறுவருகைக்கு 10 நிமிடம், சிறு சிகிச்சைக்கு முக்கால் மணி நேரம் என்று வேறுபடும். சிகிச்சை என்றால் அதற்கான அறையும் உதவியாளரும் காலியாக இருக்க வேண்டும். ஆகவே வருகை வகைக்கு ஏற்ப நேர அளவு மாறுகிறதா, மருத்துவர், அறை, உதவியாளர் மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே நேரத்தைக் காலியென்று காட்டுகிறதா என்று கேளுங்கள். வகைகளின் பெயர்களை நோயாளியின் பேச்சில் வையுங்கள்: ‘முதல் முறை வருகிறேன்’, ‘முன்பு பார்த்ததற்காக மறுபடி வருகிறேன்’. அப்படி வைத்தாலும் சிலர் தவறாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பதிவை ரத்து செய்யாமல் வரவேற்பாளர் அதன் வகையை மாற்ற முடிந்தால் போதும்.

எல்லா நேரத்தையும் இணையத்தில் திறந்துவிடாதீர்கள். முதல் மாதம் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தால் போதுமானது. மீதியைத் தொலைபேசிக்கும் நேரில் வருபவர்களுக்கும் வையுங்கள். அதிலும் ஒரு பகுதியை அன்று காலைதான் திறக்கும்படி அமையுங்கள். பல வாரங்களுக்கு முன்பே நாள்காட்டியை நிரப்பிவிடாமல், இன்று அழைப்பவரை இன்றே பார்க்கும் வகையில் இடம் வைத்திருக்கும் முறையை 2000ஆம் ஆண்டில் மார்க் மரேயும் கேத்தரின் டான்டாவும் எழுதிப் பரவலாக்கினார்கள். அதை முழுமையாகக் கைக்கொள்வது எல்லோராலும் முடிவதில்லை என்றாலும், அதன் ஒரு பங்கையாவது நடைமுறைப்படுத்த உங்கள் மென்பொருள் இடம் தர வேண்டும்.

இனி சோதனைக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகின்றன. அந்த நாள்களில் வரவேற்பாளரை உட்காரவைத்து, விற்பனையாளரை அருகில் வைத்துக்கொள்ளாமல், சில வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். மருத்துவர் ஒரு மணி நேரம் பிந்துகிறார் என்று வைத்துக்கொண்டு காலைப் பதிவுகள் அனைத்தையும் ஒரே முயற்சியில் தள்ளிவைத்து, பாதிக்கப்பட்ட அனைவருக்கும் செய்தி போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரு பதிவைச் சேர்க்கச் சொல்லி, எத்தனை திரைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் நெரிசல் நேரத்தில் அவர் காகிதத்துக்கே திரும்பிவிடுவார், அதன்பின் உங்களிடம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பதிவேடுகள் இருக்கும். இரண்டு கைபேசிகளில் ஒரே நொடியில் ஒரே நேரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்க வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரே கைபேசி எண் என்ற நிலையையும் மறக்காமல் சோதியுங்கள். சில மென்பொருள்கள் தொலைபேசி எண்ணையே நோயாளியின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. நான் அமைக்க உதவிய ஒரு கிளினிக்கில், தாயார் தம் எண்ணில் மகளுக்கு நேரம் வாங்கியபோது புதிய பெயர் பழைய பெயரை அழித்துவிட்டது. தாயாரின் மறுவருகை மகளின் பெயரில் வந்து நின்றது. சந்தா முழுவதையும் கட்டிய பிறகே அது எங்கள் கண்ணில் பட்டது. ஒரே எண்ணில் பலரைத் தனித்தனியாகப் பதிய முடியவில்லை என்றால் அந்த மென்பொருளை அங்கேயே விட்டுவிடலாம்.

மருத்துவர்கள் தங்கள் சொந்த நாள்காட்டியையும் இதனுடன் இணைக்க விரும்புவார்கள். ஐகேலண்டர் கோப்பு (ஒரு நாள்காட்டியின் பதிவுகளை இன்னொன்று படிப்பதற்கான கோப்பு வகை) வழியாக, ஒன்று மற்றொன்றை அவ்வப்போது பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் முறையில் இணைக்கும்போது மாற்றங்கள் தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் விடுப்பு நாளில் ஒருவர் பதிந்துவிடுவார். இருபக்கமும் உடனுக்குடன் மாறும் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடுப்பை முன்பதிவு மென்பொருளில் மட்டுமே குறிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முன்பதிவுப் படிவத்தில் நோயின் விவரம், பழைய மருந்துகள், வயது, முகவரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் பரிசோதனை நேரம் மிச்சமாகும் அல்லவா?

பதில்: கேட்கக் கேட்கப் படிவத்தைப் பாதியில் விட்டுச் செல்பவர்களின் எண்ணிக்கை கூடும் என்பது ஒரு புறம். நீங்கள் கேட்டு வாங்கும் ஒவ்வொரு தகவலையும் காக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது என்பது அதைவிடக் கனமான விஷயம். பெயர், தொடர்பு எண், வருகை வகை ஆகிய மூன்றும் நேரம் குறிக்கப் போதுமானவை. மற்றவற்றை நேரில் கேட்கலாம், அல்லது பாதுகாப்பான தனிப் படிவத்தைப் பிறகு அனுப்பலாம்.

எந்த மருத்துவரிடம் எந்த நாளில் ஒருவர் நேரம் வாங்கினார் என்பதே உடல்நலத் தகவல்தான் என்பதைப் பலர் உணர்வதில்லை. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, அதன் 9ஆம் பிரிவில், உடல்நலத் தரவைச் சிறப்புக் காப்புத் தேவைப்படும் வகையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ், மருத்துவருக்காக நோயாளித் தகவலைக் கையாளும் நிறுவனம் அவருடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், விற்பவரிடம் சில கேள்விகளை எழுத்திலேயே கேட்டுப் பதில் வாங்குங்கள்: தகவல் எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது? அவர்களுடைய ஊழியர்களில் யார் அதைப் பார்க்க முடியும்? கசிவு ஏற்பட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்வார்கள்? பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. இணையதளத்தில் விளம்பரத்துக்காகவோ பார்வையாளர் கணக்குக்காகவோ யாராவது எப்போதோ சேர்த்துவிட்டுப் போன பின்தொடர்வு நிரல்கள் முன்பதிவுப் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். பயனர்களின் உடல்நலத் தகவலை இத்தகைய நிரல்கள் வழியாக விளம்பர நிறுவனங்களுக்குப் பகிர்ந்ததற்காக, மருந்துத் தள்ளுபடிச் சேவை ஒன்றின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. அபராதம் 15 லட்சம் டாலர். முன்பதிவுப் பக்கத்திலிருந்து அவற்றை அகற்றிவிடுங்கள். நினைவூட்டல் செய்தியிலும் கவனம் வேண்டும். கைபேசித் திரை பூட்டியிருக்கும்போதும் குறுஞ்செய்தி அருகில் இருப்பவர் கண்ணில் படும். நாளும் நேரமும் கிளினிக்கின் பெயரும் இருந்தால் போதும், எதற்கான வருகை என்பது அதில் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பதிந்துவிட்டு வராமல் இருப்பவர்களைத் தடுக்க முன்பணம் வாங்கலாமா?

பதில்: முதலில் நினைவூட்டலை ஒழுங்குபடுத்துங்கள். குறுஞ்செய்தி நினைவூட்டல்கள் வருகையைக் கூட்டுகின்றன என்றும், தொலைபேசி அழைப்புக்கு ஏறத்தாழ இணையான பலனைக் குறைந்த செலவில் தருகின்றன என்றும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. முந்தைய நாள் ஒன்று, அன்று காலை ஒன்று என இரண்டு செய்திகள் போதும்.

அந்தச் செய்தியில் ‘ரத்து செய்ய’, ‘நேரம் மாற்ற’ என்று இரண்டு இணைப்புகள் இருப்பது இன்றியமையாதது. வராமல் போகிறவர்களில் பலருக்கு வர மனமில்லை என்று நினைக்கிறோம். ரத்து செய்ய எங்கே அழைப்பது என்று தெரியாமல், அழைத்தாலும் யாரும் எடுக்காமல், அப்படியே விட்டுவிட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கடவுச்சொல் கேட்காமல் ஒரே தொடுதலில் ரத்து செய்ய முடிந்தால் அந்த நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். காத்திருப்போர் பட்டியல் வசதி இருந்தால் அடுத்தவருக்குத் தானாகவே செய்தி போகும். முன்பணத்தை நான் நீண்ட நேரச் சிகிச்சைகளுக்கு மட்டும் பரிந்துரைப்பேன். சாதாரணப் பரிசோதனைக்கு வாங்கினால், உண்மையிலேயே நோயுற்று, இணையவழிப் பணப் பரிமாற்றம் தெரியாதவர்தான் முதலில் வெளியே நிற்பார்; பணத்தைத் திருப்பித் தரும் வேலையும் வரவேற்பாளர் தலையில் விழும்.

கேள்வி: என் நோயாளிகளில் பாதிப்பேர் முதியவர்கள். அவர்களால் இதைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: சிலரால் முடியும், சிலருக்குப் பிள்ளைகள் பதிந்து தருவார்கள், மற்றவர்களுக்குத் தொலைபேசி இருக்கட்டும். கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால்தான் நேரம் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்தும் மென்பொருளைத் தவிர்த்துவிடுங்கள். இணையதளங்களை உடல் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி அமைப்பதற்காக 2023இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் 2.2, தொடும் பொத்தான்களுக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச அளவு 24க்கு 24 பிக்சல் என்கிறது. நடுங்கும் விரலுக்கு அதைவிடப் பெரிதாக இருப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் தளம் வேர்ட்பிரஸில் அமைந்தது. ப்ளகின் வாங்குவதா, மாதச் சந்தாவில் ஒரு சேவையை எடுப்பதா, பல மருத்துவர்களைப் பட்டியலிடும் பொதுத் தளத்தில் சேர்வதா?

பதில்: ப்ளகின், அதாவது உங்கள் தளத்தோடு இணைத்துக்கொள்ளும் கூடுதல் நிரல், மலிவு, ஆனால் புதுப்பித்தல், காப்புப்பிரதி, பாதுகாப்பு மூன்றும் உங்கள் தலையில் விழும், நோயாளித் தகவலும் இணையதளம் இருக்கும் அதே சர்வரில் உட்கார்ந்திருக்கும். அதைக் கவனிக்க மாதம் ஒருமுறையாவது ஒருவர் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஈஸி அப்பாயின்ட்மென்ட்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவினாலும் இதே நிபந்தனைதான். பொதுத் தளங்கள் புதிய நோயாளிகளைக் கொண்டுவரும் என்பது உண்மை. உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே இன்னும் பத்து மருத்துவர்களின் பெயரைக் காட்டும் என்பதும் உண்மை. ஏற்கெனவே கூட்டம் உள்ள கிளினிக்குக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. உங்களைப் போன்ற சிறிய இடத்துக்கு, சொந்த இணையதளத்திலேயே பொருத்தக்கூடிய சந்தாச் சேவைதான் என் தேர்வாக இருக்கும்.

பின்னாளில் நோயாளிக் குறிப்புகளையும் கணினியில் வைக்கும் எண்ணம் இருந்தால், அந்தச் சேவை எச்எல்7 அமைப்பின் ஃபயர் (FHIR) தரத்தை, அதாவது மருத்துவ மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது வடிவத்தை, பின்பற்றுகிறதா என்று கேட்டுவையுங்கள். அட்டவணை, காலி நேரம், முன்பதிவு ஆகியவற்றுக்கு அதில் தனித்தனி வடிவங்களே வரையறுக்கப்பட்டுள்ளன. அது இல்லாவிட்டாலும் உங்கள் பதிவுகள் அனைத்தையும் எப்போது வேண்டுமானாலும் சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாள் மென்பொருளிலும் திறக்கும் எளிய பட்டியல் கோப்பு) நீங்களே இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். முடியும் என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல், இலவசச் சோதனையின் முதல் வாரத்திலேயே இறக்கித் திறந்து பாருங்கள்: ரத்தான பதிவுகளும் அதில் இருக்கின்றனவா, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகச் சிதையாமல் வருகின்றனவா, விரிதாளில் திறந்தபோது தொலைபேசி எண்களின் முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் காணாமல் போயிருக்கின்றனவா என்று.