எம்கேவி ஃபைலை எம்பி4 ஆக மாற்றினால் வீடியோ தரம் குறையுமா?

உறையை மட்டும் மாற்றினால் துளிகூடக் குறையாது. கடையில் யாராவது "கன்வெர்ட் பண்ணா குவாலிட்டி கொஞ்சம் போகும்" என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள்.

எம்கேவி, எம்பி4 இரண்டுமே கன்டெய்னர்கள், அதாவது வெறும் உறைகள். படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் உள்ளே தனித்தனி ட்ராக்காக இருக்கும். படம் எச்.264, ஒலி ஏஏசி என்ற பரவலான முறைகளில் சுருக்கப்பட்டிருந்தால் அவற்றை அப்படியே எடுத்து இன்னொன்றில் வைத்துவிடலாம். இதைத்தான் ரீமக்ஸ் என்கிறார்கள்.

அம்மா ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். வகுப்புகளை ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் எம்கேவியாகப் பதிவு செய்வோம். முதல் ஆடியோ ட்ராக்கில் குரலும் தம்புராவும், இரண்டாவதில் தம்புரா மட்டும். விஎல்சி பிளேயரில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் மாணவர்கள் சுருதியோடு தாங்களே பாடிப் பார்க்கலாம். எம்கேவி ஏன் என்றால், சாதாரண எம்பி4இல் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் ஃபைல் திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிவானது பிழைக்கும்.

ஒரு மாணவி எம்பி4 கேட்டார். நான் வெளியூரில் இருந்ததால் அப்பா கடையில் கொடுத்தார். ரீமக்ஸ் செய்யாமல், படத்தை முழுக்க மறுபடி என்கோட் செய்து, அதாவது திரும்பச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவின் முகம் மெழுகு பூசியதுபோல் வந்தது. தம்புரா ட்ராக்கையே காணோம். ஒரு மணி நேர வீடியோவுக்கு இவ்வளவு என்று காசு வேறு! வந்ததும் மூல ஃபைலை ஓபிஎஸ் மெனுவில் இருக்கும் ரீமக்ஸில் போட்டேன். சட்டென்று முடிந்தது, இரண்டு ட்ராக்கும் பத்திரம்.

'ஓபிஎஸ்ஸில்தான் இப்போது நடுவில் நின்றாலும் பிழைக்கும் ஹைப்ரிட் எம்பி4 இருக்கிறதே' என்று சிலர் வருவீர்கள். இருக்கிறது, 2024இல் வந்தது, நல்ல விஷயம். எல்லா எம்கேவியையும் இப்படி மாற்றலாம் என்றும் நான் சொல்லவில்லை. ப்ளூரேயிலிருந்து வரும், எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும் பிஜிஎஸ் சப்டைட்டிலை எம்பி4இல் வைக்க முடியாது.

அப்புறம் இந்த டிவிக்காரர்கள். பெட்டியில் 'எம்கேவி ஓடும்' என்று போட்டிருந்தது. உள்ளே டிடிஎஸ் ஒலி இருந்தால் படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. ஃபோன் செய்தால் "ஃபைல் கெட்டுப்போயிருக்கும் சார்" என்கிறார்கள். கணினியில் அதே ஃபைல் ஒழுங்காகப் பாடுகிறது. எந்தெந்த ஒலி வகை ஓடும் என்று பெட்டியிலேயே அச்சடிக்க என்ன கஷ்டம்?