எறும்பைப் பார்த்து நின்ற பத்து நிமிடம்

ஐயா, வணக்கம்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. கடைசி ஒன்றரை வருடம் நான்தான் உடனிருந்து பார்த்துக்கொண்டேன். இப்போது வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் சாயங்காலத்தைத் தள்ள முடியவில்லை. மரம் செடி இருக்கிற பக்கமாக நடந்துவிட்டு வா, மனசு லேசாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதமாக ஏரிக்கரையில் நடக்கிறேன். பெரும்பாலும் கொண்டுபோன யோசனைகளோடுதான் திரும்புகிறேன். போன வாரம் எறும்புகள் ஒரு பட்டாம்பூச்சி இறக்கையை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நின்றுவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். அம்மா நினைப்பே வரவில்லை. வந்ததும் பெரிய தப்பு செய்துவிட்டது போல ஆகிவிட்டது. அதற்கப்புறம் நடக்கப் போகவில்லை. நடப்பதில் உண்மையிலேயே ஆறுதல் இருக்கிறதா, இல்லை மறக்கப் பழகிக்கொள்கிறோமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த எறும்புகளிடம்தான் என் மனம் போய் நின்றது. நானும் பார்த்திருக்கிறேன். இறக்கை பாய்மரம் போல நிமிர்ந்து வரும். லேசாகக் காற்றடித்தால் எறும்புகளோடு சேர்ந்து கவிழும். கொஞ்ச நேரம் எல்லாம் தாறுமாறாக ஓடும். அப்புறம் ஒன்று வந்து ஓரத்தைக் கவ்வும், இன்னொன்று சேரும், இறக்கை மறுபடி எழும். இரண்டு மூன்று எறும்புகள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், ஆனாலும் நகரும். அதன் முன்னால் நின்றால் பத்து நிமிடம் போவது யாருக்குமே தெரியாது.

ஒன்றரை வருடம் உங்கள் காது அம்மாவின் அறைப் பக்கமே இருந்திருக்கும். இரவில் ஒரு இருமல், கட்டில் அசையும் சத்தம், மருந்து நேரம். தூங்கும்போதுகூட மனதின் ஒரு மூலை விழித்தபடியே இருந்திருக்கும். நோயாளியுடன் இருந்தவர்களுக்கு இது தெரியும். ரேச்சல் காப்லன், ஸ்டீஃபன் காப்லன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980களில் இதை ஒட்டி ஒரு விளக்கம் சொன்னார்கள். முயன்று செலுத்தும் கவனம் தசையைப் போலக் களைத்துப்போகும். இலை அசைவது, நீரில் அலை விரிவது போன்றவை நம்மைக் கட்டாயப்படுத்தாமல் கவனத்தை ஏந்திக்கொள்கின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருடமாக விழித்திருந்த ஒன்று பத்து நிமிடம் கண்ணயர்ந்திருக்கிறது. அதை அம்மாவின் கணக்கில் குறையாக எழுதாதீர்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. அம்மா இருந்திருந்தால், வீட்டுக்குப் போனதும் அந்த எறும்புகளைப் பற்றி முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? சொல்ல ஆளில்லை என்பது அந்த இடத்தில் சுருக்கென்று உறைத்திருக்கலாம். அதற்குத்தான் தப்பு என்று பெயர் வைத்துவிட்டீர்களோ என்னவோ.

என் அண்ணன் போனபோது நானும் நடந்தேன். முதல் சில வாரம் யாரோ துரத்துவது போலத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய் வருவேன். வழியில் கிளை முறிந்த மரம் ஒன்று நின்றது. ஒரு நாள் மூச்சு வாங்க அதன் கீழ் நின்றபோதுதான் அந்தக் காயத்தைப் பார்த்தேன். முறிந்த இடம் சாம்பல் பூத்துக் காய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பட்டை உதடு போலத் தடித்து உள்நோக்கிச் சுருண்டிருந்தது. விரலை வைத்தால் வழுவழுவென்று இருந்தது. அப்புறம் தினமும் அங்கே நின்று தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாதக்கணக்கில் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும். மரத்தின் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை, மரம் அதைத் தடுப்பிட்டு ஒதுக்கிவிட்டுச் சுற்றிலும் புதுத் திசுவை வளர்க்கிறது, பழைய காயம் உள்ளேயே இருக்கிறது என்று பின்னால் படித்தேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது தொட்டுப் பார்க்க அந்த விளிம்பு மட்டும்தான்.

சரி, ஆறுதல் உண்டா என்று கேட்டீர்கள். 2015-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 38 பேரில் ஒரு பாதியை மரமும் புல்லும் உள்ள பாதையிலும், மறுபாதியை வண்டிகள் ஓடும் பெருஞ்சாலை ஓரத்திலும் 90 நிமிடம் நடக்க விட்டார்கள். ஒரே வருத்தத்தை மறுபடி மறுபடி அசைபோடுவது முதல் குழுவுக்குக் குறைந்திருந்தது, சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் அவர்கள் மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்கள், ஒரே ஒரு நடை. நான்கு மாதத் துக்கத்துக்கு அதை அளவுகோலாக வைக்க மாட்டேன். முப்பது நாளில் ஒரு நாள் பத்து நிமிடம் கிடைத்ததே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒரே பாதையில் நடங்கள். புது இடமென்றால் வழி பார்க்கவே கவனம் போய்விடும். பழகிய பாதையில்தான் நேற்று இல்லாத ஒன்று கண்ணில் படும். சார்லஸ் டார்வின் தன் வீட்டை ஒட்டிய மணல் பாதையில் வருடக்கணக்காகச் சுற்றி வந்தவர். 1851-இல் பத்து வயது மகள் ஆனி இறந்த பிறகும் அதே பாதைதான். சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று முனையில் சில கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தள்ளுவாராம். போனில் காலடிக் கணக்கு வைத்திருந்தால் நீங்களும் அதை அணைத்துவிடுங்கள்.

சாயங்காலம்தான் கஷ்டம் என்கிறீர்கள். நெய்தல் திணைக்கு இரங்கலை உரிப்பொருளாகவும், பொழுது சாயும் எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் நம் இலக்கண மரபு வகுத்திருக்கிறது. அந்த வேளையின் கனம் உங்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருக்காமல் கரையில் இருங்கள். அழுகை வந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் இருக்கிறது என்று எழுதியது நிம்மதியாக இருந்தது. அவை வாரக்கணக்கில் கெட்டாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ நடையை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

அந்த எறும்புகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று எழுதவில்லையே. வளை பக்கத்தில்தான் எங்காவது இருக்கும். நாளைக்குப் போய்த் தேடிப் பாருங்கள். இறக்கை வாசலில் நுழையாது, அதை என்ன செய்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.