வசனம் புரியவில்லையா? சென்டர் ஸ்பீக்கர் கேள்வி பதில்

ஹோம் தியேட்டரில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயம்தான்: பேசுவது கேட்கவில்லை, சவுண்டை ஏற்றினால் சண்டைக் காட்சியில் வீடே அதிர்கிறது. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர், அதாவது சென்டர் வழியாகத்தான் வரும், அதனால் இந்த முறை அதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: அண்ணா, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. சென்டரை டிவி ஸ்டாண்டின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன். வேறு வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம் தம்பி, முதலில் அதை முன்னால் இழுங்கள். தட்டுக்குள் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தால், சத்தம் தட்டின் பலகையில் பட்டுத் தெறித்து நேராக வரும் சத்தத்தோடு கலந்துவிடும். பெட்டி மாதிரி அடைத்த தட்டு என்றால் ஆண் குரலெல்லாம் குடத்துக்குள் பேசுவது போலத்தான் கேட்கும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாகவோ ஒரு விரற்கடை வெளியிலோ இருக்கட்டும். பக்கங்களில் மிச்சமிருக்கும் இடத்தில் பழைய துண்டையோ ஃபோமையோ அடைத்துப் பாருங்கள், ஆனால் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் அதற்கு இடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் சாய்வு. தட்டு முழங்கால் உயரத்தில் இருந்தால் ட்வீட்டர் (கூர்மையான சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) உங்கள் முழங்காலைப் பார்த்துத்தான் பேசும். முன்பக்க அடியில் இரண்டு ரப்பர் கட்டை வைத்து மேலே நிமிர்த்துங்கள். என் வீட்டில் செய்தது இது: சோபாவில் யாரும் இல்லாதபோது லேசர் பாயிண்டரை ஸ்பீக்கரின் மேல் படுக்க வைத்து, புள்ளி தலை சாய்க்கும் இடத்தில் விழும்வரை கட்டையை நகர்த்தினேன். பத்து நிமிட வேலை. அன்று ராத்திரியே, அதுவரை மழுங்கிக் கிடந்த ச, ஸ எழுத்துகளெல்லாம் தனித்தனியாகக் கேட்டன.

கேள்வி: நடுவில் உட்கார்ந்தால் எனக்கு நன்றாகக் கேட்கிறது. பக்கத்துத் திவானில் இருக்கும் அம்மா "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். காதில் கோளாறா?

காதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும், ஆனால் நான் முதலில் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்படுவேன். உங்களுடையது நடுவில் ட்வீட்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபர் (கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) என்று படுத்திருக்கும் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். நேர் எதிரே இருப்பவருக்கு இரண்டு வூஃபரும் சம தூரம், பக்கவாட்டில் இருப்பவருக்கு ஒன்று கிட்டே, ஒன்று எட்ட. வூஃபர்களின் மையங்களுக்கு நடுவே 30 செ.மீ. இருந்து, அம்மா 30 டிகிரி தள்ளி உட்கார்ந்தால், அந்த வித்தியாசம் 15 செ.மீ. ஆகிறது. சுமார் 1,140 ஹெர்ட்ஸில் அது சரியாக அரை அலைநீளம், அதனால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்து, அந்தச் சத்தம் பெரிய அளவில் அடிபட்டுப் போகிறது. குரல் புரிவதற்குத் தேவையான பகுதியே அதுதான்.

உடனே செய்யக்கூடியது, திவானை நடுப்பக்கம் நகர்த்துவது. புதிதாக வாங்குவதானால், ட்வீட்டரும் நடுத்தரச் சத்தத்துக்கான சின்ன மிட் ஸ்பீக்கரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் த்ரீ-வே (சத்தத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும்) சென்டர் வாங்குங்கள். கடையில் நேர் எதிரே மட்டும் நின்று கேட்டுவிட்டு வராதீர்கள். செய்தி வாசிப்பது போல ஏதாவது ஓடவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நடந்து பாருங்கள், குரல் எங்கே மங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சென்டரும் முன் ஸ்பீக்கர்களும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டுமா சார்?

ஒரே கம்பெனி என்றால் போதாது, ஒரே சீரிஸ் என்றால் நல்லது. கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் மட்டும் சத்தத்தின் நிறம் மாறினால் காது உடனே பிடித்துவிடும். இடம் இருந்தால் இடது, வலதில் இருக்கும் அதே புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரை (அலமாரியில் வைக்கும் அளவுச் சின்னப் பெட்டி) மூன்றாவதாக நடுவில் நிற்க வைப்பதுதான் என் கணக்கில் முதல் தேர்வு. திரை துணியாக, சத்தம் ஊடுருவும் வகையாக இருந்தால் திரைக்குப் பின்னாலேயே வைத்துவிடலாம், சினிமா தியேட்டரில் அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: டிவி சுவரில் உயரத்தில் இருக்கிறது. சென்டர் மேலேயா, கீழேயா?

எது காதுக்குக் கிட்டே வருகிறதோ அது. பெரும்பாலும் கீழே. மேலே வைத்தால் கட்டாயம் கீழ்நோக்கிச் சாயுங்கள்.

கேள்வி: பத்துக்குப் பத்து அறை, நான் ஒருவன் மட்டும்தான் பார்ப்பேன். சென்டர் இல்லாமல் ஓட்டலாமா?

தாராளமாக. சரியாக நடுவில் உட்கார்ந்தால் இரண்டு ஸ்பீக்கரே நடுவில் குரலை நிறுத்திவிடும், மோசமான சென்டரை விட அது எவ்வளவோ மேல். ஆனால் ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) சென்டர் 'நன்', அதாவது இல்லை என்று மாற்றியாக வேண்டும். இல்லாத ஸ்பீக்கரை இருக்கிறது என்று விட்டுவைத்தால் வசனம் அப்படியே காணாமல் போகும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தால் கதை வேறு, அவருக்குக் கிட்டே இருக்கும் ஸ்பீக்கருக்குக் குரல் ஓடிவிடும். 1933-இல் பெல் ஆய்வகம் பிலடெல்பியா இசைக்குழுவின் கச்சேரியை வாஷிங்டனுக்கு அனுப்பியபோதே இடது, நடு, வலது என்று மூன்று வழிகள் வைத்தார்கள். அத்தனை பேர் உட்காரும் அரங்கில் நடு ஸ்பீக்கர் எதற்கு என்று இப்போது புரியும்.

கேள்வி: ஆட்டோ செட்டப் (ரிசீவர் மைக் வைத்துத் தானே அளந்து சரிசெய்வது) ஓட்டிவிட்டேன். அப்படியும் வசனம் சின்னதாகத்தான் இருக்கிறது.

மைக்கை சோபாவின் மெத்தைமேல் வைத்தீர்களா? ட்ரைபாடில், காது உயரத்தில், ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு ரிசீவரில் சென்டர் 'ஸ்மால்' (சின்ன ஸ்பீக்கர்), கிராஸ்ஓவர் (அதற்குக் கீழுள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள், வூஃபர் மிகச் சின்னது என்றால் 100 வைக்கலாம். வயரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் குரல் மெலிந்து இடம் தெரியாமல் மிதக்கும், அதையும் ஒருமுறை சரிபாருங்கள். டிவியின் சத்தத்தை ஏஆர்சி (எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) வழியாக எடுத்தால் டிவியின் ஆடியோ அமைப்பு 'பிசிஎம்' என்பதில் இருக்கக் கூடாது, அதில் வெறும் இரண்டு சேனல்தான் வரும். இதெல்லாம் சரி என்றால் சென்டர் லெவலை 2, 3 டெசிபெல் ஏற்றிக்கொள்ளுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ராத்திரி நேரத்தில், பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் நைட் மோடு உதவும்.

அறையையும் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ் என்று இருக்கும் ஹாலில் கை தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று வால் நீளும். அந்த வால் ஒவ்வொரு சொல்லின் மேலும் விழுகிறது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு தடித்த கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரை, இந்த இரண்டுக்கும் கொடுக்கும் காசு ஸ்பீக்கருக்குக் கொடுப்பதை விட அதிகமாக வேலை செய்யும்.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் சென்டரில் மட்டும் சத்தம் வருகிறது. மற்றவை கெட்டுவிட்டனவா?

ஒன்றும் கெடவில்லை. அந்தப் படங்கள் பெரும்பாலும் மோனோ, இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ரிசீவரில் உள்ள டால்பி சரவுண்ட் மோடு (இரண்டு சேனலை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிப்பது) அதைப் பார்த்து, நடுவில் வர வேண்டியது என்று எடுத்துக்கொண்டு சென்டருக்கே அனுப்பிவிடும். நான் அப்படியே விட்டுத்தான் பார்ப்பேன், பேசுகிறவர் வாயிலிருந்தே குரல் வருகிறது. பாட்டு வரும்போது குறுகலாகத் தோன்றினால் ரிமோட்டில் ஸ்டீரியோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.