வெள்ளிக்கிழமை இரவு அவன் எங்கே இருந்தான்?

வணக்கம் சார்,

எனக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலாசிரியை இருக்கிறார். கல்லூரி விளையாட்டு வீரர்களை வைத்து ஆங்கிலத்தில் காதல் நாவல்கள் எழுதுபவர். அவருடைய ஆறு புத்தகங்களையும் இரண்டு மூன்று முறை படித்திருக்கிறேன். ஏழாவது வந்த அன்றே வாங்கிவிட்டேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் ஐஸ் ஹாக்கி கேப்டன், அவனுக்குப் பாடம் சொல்லித்தரும் பெண், காதலர்கள்போல் நடிக்க ஓர் ஒப்பந்தம். எதுவும் மனதில் ஒட்டவில்லை. படுக்கையறைக் காட்சிகள் அதிகம். அவளுக்கென்று ஒரு லட்சியம் இல்லை. கடைசியில் ஒரு சின்ன மனஸ்தாபத்தில் பிரிகிறார்கள். மேட்ச் வரும் பக்கங்களை வழக்கம்போலத் தள்ளிவிட்டேன். ஒரு ஸ்டார்தான் போடத் தோன்றுகிறது, ஆனால் அது துரோகம் மாதிரியும் இருக்கிறது. காதல் கதைதானே, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கிறேனே! அவர் மாறிவிட்டாரா, நான் மாறிவிட்டேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடிதத்திலிருந்த பெயர்களை நான்தான் எடுத்துவிட்டேன். அந்த நாவலைப் போன மாதமே படித்தேன். அன்றிலிருந்து அது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் அந்தக் 'காதல் கதைதானே'வைத் தூக்கிப் போடுங்கள். ஆறு புத்தகங்களுக்காகத் தூக்கத்தை விட்டவர் பேசுகிற பேச்சா இது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படிக்கிற வாசகரை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

படுக்கையறைக் காட்சிகள் அதிகமா குறைவா என்பது அவரவர் விருப்பம், விடுங்கள். லட்சியமா? எனக்கும் இருபது வயதில் ஒன்றும் இருக்கவில்லை. பாவம், அவளும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு வரியில்தான். மேட்ச் வரும் பக்கங்களை 'வழக்கம்போல' தள்ளினீர்களாம்! இந்தத் தடவை தள்ளுவதற்கு அங்கே என்ன இருந்தது? 'வெறியோடு ஆடினான், அணி வென்றது' என்று இரண்டு வரி. உங்களுக்கு முன்பே அவர் தள்ளிவிட்டார்.

நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு பார்ட்டியில்தான் அவர்களுடைய முதல் முத்தம். நினைவிருக்கிறதா? நவம்பர் வெள்ளிக்கிழமை இரவில் ஹாக்கி கேப்டனுக்குப் பார்ட்டியில் என்ன வேலை? அக்டோபரிலேயே சீசன் தொடங்கிவிடும். கல்லூரி ஹாக்கி மேட்ச்கள் பெரும்பாலும் வெள்ளியும் சனியும்தான், அநேகமாக ஒரே எதிரணியோடு அடுத்தடுத்து இரண்டு. அந்த நேரத்தில் அவன் ஐஸில் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியூர் பஸ்ஸில். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தாராளமாக நேரம் மிஞ்சும்போலத் தெரியும். ஆனால் மேட்ச் நாள் முழுக்க ஓடினாலும் கணக்கில் அது 3 மணி நேரம்தான். பஸ் பயணம் கணக்கிலேயே வராது. மிச்சத்தில்தான் வகுப்பு, அசைன்மென்ட், தூக்கம். அந்த மிச்சத்திலும் மிச்சத்தில்தான் அவன் காதலிக்க வேண்டும். கதை இருப்பதே அந்த நெருக்கடியில். இவனுக்கோ நாவல் முழுக்க நேரம் கொட்டிக் கிடக்கிறது.

சண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மேட்சில் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அடிக்கப் போகிறான். தொழில்முறை ஆட்டமென்றால் 5 நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு வரலாம். கல்லூரியில் அந்த மேட்சும் போச்சு, அடுத்த மேட்சும் போச்சு. அப்புறம், ஐஸில் நின்றுகொண்டு அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறானே! கல்லூரி வீரர்கள் முகம் முழுவதையும் மூடும் கவசத்தோடுதான் ஆடுவார்கள். பத்தாவது வரிசையிலிருந்து அந்த நீலக் கண்களை இவள் எப்படிக் கண்டாள்?

சரி, பிழை பொறுக்கியது போதும். அவர் எதையெல்லாம் கோட்டைவிட்டார் என்று பாருங்கள். ஐஸ் ஹாக்கியில் ஒருவன் ஒரே மூச்சில் ஆடுவது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டுத் தடுப்பைத் தாண்டி பெஞ்சில் வந்து விழுவான், அடுத்தவன் உள்ளே குதிப்பான். 60 நிமிட ஆட்டத்தில் முன்கள வீரன் பாதிக்கு மேல் மூச்சிரைத்தபடி உட்கார்ந்திருப்பவன்தான். அவளை நினைக்க அவனுக்குக் கிடைப்பது அந்த நேரம். நினைக்கவே கூடாத நேரமும் அதுதான். தப்பாட்டம் ஆடினால் 2 நிமிடம் தண்டனைப் பெட்டியில் தனியாக உட்கார வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனால் அணி ஓர் ஆள் குறைந்து தடுமாறும். அரங்கமே அவனைப் பார்க்கும், அவளும் பார்ப்பாள். நானாக இருந்தால் அந்த 2 நிமிடத்துக்கு இருபது பக்கம் எழுதியிருப்பேன்.

கல்லூரியில் நான் வாலிபால் அணியில் ரிசர்வ். ஆடியதைவிடப் பந்து பொறுக்கியது அதிகம், அதனால் வேடிக்கை பார்த்ததும் அதிகம். அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் எங்கள் லிஃப்டருக்கு ஒரு பெண்ணோடு பழக்கம். பயிற்சி முடிந்ததும் இருவரும் கேலரிப் படியில் உட்காருவார்கள். விரல்களில் சுற்றிய பிளாஸ்டரைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டே அவள் பேசுவதைக் கேட்பான். ஒருநாள் மூன்று விரல் பிரித்திருந்தான், நான்காவதில் அப்படியே தூங்கிப்போனான். அவள் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் போல, பாதியில் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு எழுந்து போவாள் என்று நினைத்து, நான் வலையைக் கழற்றுகிற பாவனையில் நின்றேன். அவள் மிச்சப் பிளாஸ்டரைத் தானே மெதுவாகப் பிரித்து, உருண்டையாக உருட்டி, பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள், தூங்குகிறவனிடம்.

அடுத்த வருடம் பிரிந்துவிட்டார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அவள் பேசும்போது விழித்திருக்க அவனால் முடியவே இல்லை, அவ்வளவுதான். உங்கள் நாவலில் ஒருத்தி பாதிப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டு இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் பெட்டியைக் கட்டுகிறாள்.

நீங்கள் கேட்டது வேறு, இல்லையா? அவரா, நீங்களா. அவருடைய முதல் புத்தகத்தை எடுங்கள். அதில் ஒரு கோல்கீப்பர் வருவான். ஆட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் தன் வலையருகே வழவழவென்றிருக்கும் புது ஐஸைச் சறுக்குக் காலணியால் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்குவான், கால் வழுக்காமல் இருக்க. பிற்பாடு காதலி வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது, கதவைத் தட்டாமல், மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டே நிற்பான். இதை எழுதியவரும் அதே பெண்மணிதான். அந்த ஐஸ் காட்சி மேட்ச் பக்கத்தில் வருவதால் நீங்கள் தள்ளியிருப்பீர்கள், மிதியடி மட்டும் கண்ணில் பட்டிருக்கும். மூன்று முறை படித்தும்! இப்போது போய் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

ஸ்டார் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்குக் கருத்து இல்லை. அவருக்கே எழுதுவதாக இருந்தால் மட்டும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என் சார்பாக ஒரு வரி கேட்டுவிடுங்கள்.