‘ஹலோ, லைனில் இருக்கிறீங்களா?’

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்தவள் நான். போன மாதம் கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் கொம்பனி போனில் இன்டர்வியூ வைத்தது. காலை 10 மணி என்று சொல்லிவிட்டு 11 மணிக்குத்தான் எடுத்தார்கள். கதைத்தவர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே ஹாஷ் மேப் (ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய தரவைச் சட்டென எடுத்துத் தரும் அமைப்பு) எப்படி வேலை செய்கிறது என்று கடகடவென ஆங்கிலத்தில் கேட்டார். தெரிந்த விஷயம்தான். விடையை மனதுக்குள் ஒழுங்குபடுத்துவதற்குள் மூன்று தரம் ‘ஹலோ, லைனில் இருக்கிறீங்களா?’ என்று கேட்டுவிட்டார். அதோடு பதறிப்போனேன். பிறகு லிங்க்ட் லிஸ்ட் (தரவுகளைச் சங்கிலி போல ஒன்றோடொன்று கோத்து வைக்கும் அமைப்பு) ஒன்றைத் தலைகீழாக்கும் புரோகிராமை வாயாலேயே சொல்லச் சொன்னார். நான் திணறத் திணற, அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுகிற சத்தம். 15 நிமிடத்தில் ‘அறிவிக்கிறோம்’ என்று வைத்துவிட்டார். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அப்பா, ‘பேசாமல் வங்கிப் பரீட்சைக்குப் படி’ என்கிறார். எனக்கு இந்தத் துறை சரிவராதா?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மனுசரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு மணித்தியாலம் பிந்தி எடுத்தவர் அதற்கு ஒரு ‘சொறி’ சொல்லியிருக்க வேண்டும். பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். கீபோர்ட் சத்தத்தை மட்டும் மன்னிக்கலாம். உங்கள் விடையைக் குறித்துக்கொண்டிருந்திருப்பார். அனுபவமுள்ளவர்கள் ‘குறிப்பெடுக்கிறேன், சத்தம் கேட்கும்’ என்று முன்னமே சொல்லிவிடுவார்கள். ஆனால் லிங்க்ட் லிஸ்ட் புரோகிராமை வாயால் சொல்லச் சொன்னது சுத்த மொக்கு வேலை. முந்தியது, இப்போதையது, அடுத்தது என்று மூன்று பொயின்டர்களை, அதாவது சங்கிலியில் எந்த இடம் என்று காட்டும் குறிகளை, திரையும் இல்லாமல் தாளும் இல்லாமல் இடம் மாற்றிச் சொல்லப்போனால் பத்து வருடம் வேலை செய்தவருக்கும் நாக்குப் பிரளும். இரண்டு பேரும் பார்க்கிற மாதிரி ஒரு கூகிள் டொக்ஸ் பக்கத்தைத் திறந்திருந்தால் போதும், அதற்குக் காசும் இல்லை. அடுத்த முறை யாராவது இப்படிக் கேட்டால், ‘ஒரு பக்கத்தைப் பகிர்ந்து எழுதிக் காட்டட்டுமா?’ என்று நீங்களே கேளுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் பிழையாக எடுக்க மாட்டார்கள்.

சரி, அவரைத் திட்டியாகிவிட்டது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த மூன்று ‘ஹலோ’தான்.

எங்கள் ரியூசன் கொட்டில்களில் சேர் கேள்வி கேட்டால் முழு விடையும் தெரிந்த பிள்ளை மட்டும்தான் வாய் திறக்கும். அரைகுறையாகச் சொன்னால் பின்வாங்கில் இருந்து சிரிப்பு வரும். அதனால் விடை முழுதாகச் சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகிவிட்டோம். நேரில் இதனால் பெரிய நட்டமில்லை, முகத்தைப் பார்த்தாலே யோசிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். போனில் அந்த மௌனம் கட்டான லைன் மாதிரித்தான் கேட்கும். அவர் ஹலோ சொன்னது உங்களை மட்டந்தட்ட இல்லை, கவரேஜ் போய்விட்டதோ என்று பார்க்கத்தான் இருக்கும். நீங்கள்தான் அதை ‘இவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று மொழிபெயர்த்துக்கொண்டீர்கள்.

ஆகவே யோசிப்பதை வாய்விட்டு யோசியுங்கள். உங்களுக்குத் தெரிந்த அதே ஹாஷ் மேப்பையே எடுப்போம்: “ஒரு கீ வருகிறது. அதை ஹாஷ் ஃபங்ஷனுக்குள் போட்டால் ஒரு எண் கிடைக்கும். எந்தப் பக்கெட்டில், அதாவது எந்தப் பெட்டியில், வைப்பது என்று அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கலாம். பொறுங்கள், இரண்டு கீ ஒரே பக்கெட்டில் விழலாமே? விழலாம், அது கொலிஷன். அப்போது அந்தப் பக்கெட்டுக்குள் ஒரு லிங்க்ட் லிஸ்டாக அடுக்கலாம். ஆகவே தேடும் நேரம் சராசரியாக ஓ ஒன், அதாவது எவ்வளவு தரவு சேர்ந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு; எல்லாம் ஒரே பக்கெட்டில் போய்க் குவிந்தால் ஓ என், அதாவது தரவு கூடக் கூட நேரமும் கூடும்.” அந்தப் ‘பொறுங்கள்’ இருக்கிறதே, அதைத்தான் கேட்பவர் தேடுகிறார். அவர் ஜாவா என்ற புரோகிராம் மொழியில் வேலை செய்தவர் என்றால், 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து ஒரு பக்கெட்டில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் அந்த லிஸ்ட் மரம் போல் கிளைவிடும் அமைப்பாக மாறும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம் நின்றாலும் நிற்கும்.

கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சாதாரண தொலைபேசி இணைப்பு கிட்டத்தட்ட 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கொண்டுபோகும். ‘எஸ்’ஸையும் ‘எஃப்’பையும் பிரித்துக் காட்டுகிற ஒலியில் பெரும்பங்கு அதற்கு மேலே கிடக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் போனில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். “நீங்கள் கேட்பது இதுதானே?” என்று உங்கள் சொல்லில் ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். விளங்கியதா என்பதும் தெரிந்துவிடும், யோசிக்க அரை நிமிடமும் கிடைக்கும்.

இதெல்லாம் வாசித்து வராது. கூடப் படித்த ஒருத்தியைப் பிடியுங்கள். வீடியோ இல்லாமல், வெறும் கோலில், ஆளுக்கொரு கேள்வி ஆங்கிலத்தில் கேளுங்கள். ஐந்து விநாடி சத்தமில்லாமல் இருந்தால் மற்றவள் ‘ஹலோ’ சொல்ல வேண்டும். முதல் கிழமை எரிச்சலாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கும் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். லண்டன் என்றால் மணிக்கூட்டைக் கவனியுங்கள். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் அங்கே நேரத்தை மாற்றுவார்கள். அவர்களின் காலை 10 மணி, கோடையில் எங்களுக்குப் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30.

இந்தக் கொம்பனிக்கு மூன்று வரியில் ஒரு மெயில் போடுங்கள்: நேரம் தந்ததற்கு நன்றி, இந்த வேலையில் இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், முடிவு எப்போது தெரியவரும்? பிந்தி எடுத்த கதை அதில் வேண்டாம். விட்ட விடைகளை எழுதி அனுப்பவும் வேண்டாம், அது மன்றாடுவது போலிருக்கும். ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் அந்தக் கதையை விடுங்கள்.

அப்பா சொல்வதில் பிழையில்லை. மாதம் முடியச் சம்பளம், பிறகு ஓய்வூதியம் என்று பிள்ளைக்கு நிலையான வழி தேடுகிற மனுசர். வங்கிப் பரீட்சை எழுத விருப்பமென்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஒரு 15 நிமிடக் கோலுக்குப் பயந்து எழுத வேண்டாம். அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது: அடுத்த கோல் வருகிற நேரம் அவரைக் கேற்றடியில் கதிரை போட்டு இருத்துங்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவை அவர் மறித்து அனுப்பட்டும்.