சமூகப் பட்டறையில் லேசர் கட்டரை முதல்முறை பயன்படுத்தப் போகிறேன். எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

மெஷினை ஓட்டுவது கஷ்டமே இல்லை, ஒரு மதியத்தில் கை பழகிவிடும். அதற்குள் வைக்கிற பொருள் என்ன என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதும் "என்ன மெட்டீரியல்?" என்றுதான்.

பி.வி.சி. எந்த உருவத்தில் வந்தாலும் கூடாது. லேசர் பட்டதும் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். மூச்சுக்கும் கேடு, மெஷினுக்குள் இருக்கும் ரெயில், பேரிங் எல்லாவற்றையும் அரித்துவிடும். பத்துப் பேர் நம்பியிருக்கும் மெஷின் ஒருவர் கொண்டுவந்த துண்டால் வீணாகக் கூடாது. சிக்கல் என்னவென்றால், கடையில் யாரும் பி.வி.சி. என்று சொல்லி விற்பதில்லை. சன்போர்டு, ரெக்சின், ஃபிளெக்ஸ், வினைல் ஸ்டிக்கர் என்ற பெயர்களில் கிடைப்பவை பெரும்பாலும் அதுதான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. செம்புக் கம்பியைக் குறடால் பிடித்து, நுனியைத் தீயில் நன்றாகக் காட்டுங்கள். சூட்டோடு அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டு, கொஞ்சம் ஒட்டியதும் மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அந்தத் துண்டு மெஷின் பக்கமே வரக் கூடாது. இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். பாலிகார்பனேட்டையும் தவிர்க்கவும். பார்க்க அக்ரிலிக் மாதிரியே இருக்கும், ஆனால் வெட்டு பழுப்பாகிக் கருகும், தீயும் பிடிக்கும்.

அக்ரிலிக் வாங்கும்போது 'காஸ்ட்' ஷீட்டா என்று கேளுங்கள். அதில் எழுத்துப் பொறித்தால் பனி படர்ந்ததுபோல வெள்ளையாகத் தெரியும். 'எக்ஸ்ட்ரூடட்' ஷீட் மலிவு, வெட்ட நன்றாக இருக்கும், பொறித்தால் அவ்வளவாக எடுப்பாகத் தெரியாது.

இத்தகைய பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964இல் அதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் செய்தி. இதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் அக்ரிலிக் இந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் வெட்டுப்படுகிறது. உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பி அடித்துவிடும். எனவே ஸ்டீல் டம்ளரில் பெயர் பொறிக்க இது சரிவராது, அதற்கு ஃபைபர் லேசர் என்ற வேறு வகை வேண்டும்.

தமிழில் பெயர்ப்பலகை செய்வதாக இருந்தால், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தைக் கட்டாயம் பாத் ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். பட்டறைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துகளையே தனியாக வெட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் மெய்யெழுத்தின் புள்ளி தனியாகக் கழன்று, பொருளைத் தாங்கும் துளைகள் நிறைந்த தேன்கூட்டுத் தட்டுக்குள் விழும். மெல்லிய பட்டையால் எழுத்தோடு இணைத்து வரையுங்கள். பெட்டி மாதிரி பொருத்த வேண்டிய துண்டு என்றால், கதிரே 0.1 முதல் 0.2 மி.மீ. வரை தின்றுவிடும் என்பதைக் கணக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் மூட்டு லொடலொடவென்று ஆடும்.

வேகம், பவர் எவ்வளவு என்று என்னிடம் கேட்காதீர்கள். லேசரை உண்டாக்கும் ட்யூப் பழசாகப் பழசாக அது மாறும். அதே ஷீட்டின் ஓரத்தில் சின்னச் சதுரங்கள் வெட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபோகஸை ஒவ்வொரு தடிமனுக்கும் சரிபாருங்கள்.

அப்புறம், லேசர் ஓடும்போது டீ குடிக்கப் போகாதீர்கள், போன் வந்தாலும் எடுக்காதீர்கள். பிளைவுட்டில் சின்னதாகச் சுடர் எழுந்து உடனே அணைவது சகஜம். அணையாமல் நின்று எரிந்தால் நிறுத்தும் பொத்தானை அழுத்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று போனவுடனேயே பார்த்துவையுங்கள். வெட்டி முடித்த பிறகும் புகைபோக்கி கொஞ்ச நேரம் ஓடட்டும், அதற்குப் பிறகு மூடியைத் திறக்கலாம். தட்டுக்குள் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அடுத்தவர் வெட்டும்போது தீப்பிடிப்பது பல நேரம் அவற்றில்தான்.